நான்காம் எண் கிணறு விடுபட்ட கட்டுரை

போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, நம் ஆய்வு நிலையத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார். நல்ல பிள்ளை. கையில் ஒரு பட்டியலும் கொண்டுவந்திருந்தார். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே வேலை பார்த்தவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில் எது எத்தனை முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணியிருக்கிறார்கள். முதலிடத்தில் என்னுடைய கட்டுரை. "தோல் துறை, விவசாயம், பொதுச் சுகாதாரம், இப்ப மண்ணியல் வரைக்கும் போயிருக்கு சார். நாலு துறையிலயும் உங்க பேர் இருக்கு. எங்களுக்கெல்லாம் இதுதான் சார் முன்மாதிரி" என்றார். நான் காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். பாவம், தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவருக்குப் புரிந்திருக்காது. அவரிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கோபம் அவர் மேல் இல்லை.

முன்மாதிரியாம்! அந்தக் கட்டுரை எப்படி எழுதப்பட்டது, எழுதியதால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு முன்மாதிரியா இல்லையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. நம் நிலையம் அப்போது ஊரின் தோல் வியாபாரப் பகுதியான பேகம்பூரைத் தாண்டி ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. மூன்றே பேர். நிலையத் தலைவர் ஒருவர், அவரைப் பெரிய சார் என்போம். அடுத்து நான், வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடமான இளநிலை ஆய்வாளன். மூன்றாவது ஆள் அட்டெண்டர் இஸ்மாயில் பாய். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இளவயதில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கூடத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்தவர். தோலை உப்புப் போட்டுக் காயவைப்பதிலிருந்து ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைப்பது வரை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். புத்தகத்தில் படித்ததெல்லாம் அப்புறம்.

ஊருக்கு வெளியே தோல் ஷாப்புகளின் கழிவுநீர் ஓர் ஓடையில் இறங்கி, தோட்டங்களுக்கு நடுவே போகும். அந்தத் தண்ணீர் பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஓடையை ஒட்டி ஆறு கிணறுகளைத் தேர்ந்தெடுத்தோம். இஸ்மாயில் பாய் சைக்கிளில் போய் ஆறு பாட்டிலில் தண்ணீர் எடுத்துவந்தார். ஐந்தில் உப்பு சாதாரண அளவில் இருந்தது. நான்காம் பாட்டிலில் மட்டும் மற்றவற்றைப் போல ஏழெட்டு மடங்கு.

எனக்கு எரிச்சல் வந்தது. ஐந்து கிணறு ஒன்று சொல்ல, ஒரே கிணறு வேறு சொன்னால் கட்டுரையை எப்படி எழுதுவது? பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், இந்த பாட்டிலக் கழுவுனீங்களா? இதுல முன்னாடி ஷாப் தண்ணி எடுத்துருப்பீங்கபோல."

"அந்தக் கெணத்துத் தண்ணியவே விட்டு மூணு தடவ அலசிட்டுத்தான் சார் ரொப்புனேன். வாயில ஒரு சொட்டு வச்சும் பாத்தேன். கரிக்குது சார். சந்தேகமா இருந்தா நாளைக்கே போயி இன்னொருக்க எடுத்தாறேன்."

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் அடித்த மழையில் எல்லாக் கிணறும் ஏறிவிட்டது. இனி எடுத்தால் பழைய அளவோடு ஒப்பிட முடியாது, கோடை வரை பொறுக்க வேண்டும். பொறுப்பதற்கு எனக்கு நேரம் இல்லை. அடுத்த பங்குனிக்குள் ஒரு கட்டுரையாவது அச்சில் வந்தால்தான் வேலை உறுதி என்று மேலிடத்துக் கடிதம் என் மேசையில் கிடந்தது. ஊரில் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் "பையன் வேலை நிரந்தரமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.

பெரிய சார் என் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தார். "நாலாம் நம்பர் எங்கய்யா?" என்றார். பாட்டில் சுத்தமில்லை என்றேன். "சுத்தமில்லைன்னு நீ பாத்தியா, நெனைக்கிறியா?" பிரதியை என்னிடமே திருப்பித் தந்தார். "கோடையில திரும்ப எடுத்துட்டு எழுது. முடியலையா, ஆறையும் அப்படியே போட்டு எழுது. ஏன்னு தெரியலைன்னு எழுது. தெரியலைன்னு எழுதுறது கேவலமில்ல" என்றார். சரி சார் என்று தலையாட்டினேன். அந்த வாரம் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சாமான் கட்டும் அவசரத்தில் ஒரு கட்டுக் காகிதத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டில் என் கட்டுரையையும் வைத்தேன். ஐந்து கிணற்றோடு.

நான் பொய் எழுதவில்லை, பாருங்கள். அதுதான் இதில் அசிங்கம். அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தேன்: 'ஒரு மாதிரி, கலத்தின் தூய்மை ஐயத்துக்குரியது என்பதால், கணக்கில் சேர்க்கப்படவில்லை.' மேலே முடிவுரையில், ஒரு பருவத்தில் எடுத்த ஐந்து கிணறுகளில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. கட்டுரை தோல் துறைப் பத்திரிகை ஒன்றில் வந்தது. வேலை உறுதியானது. தங்கை கல்யாணமும் நடந்தது.

அந்தக் காலத்தில் மேற்கோளை எண்ணித் தர எந்த வசதியும் கிடையாது. வெளியூர், வெளிநாட்டு ஆய்வாளர்கள் நம் கட்டுரையின் தனிப்பிரதி வேண்டுமென்று கார்டு போடுவார்கள். யாருக்கு எத்தனை கார்டு வருகிறதோ அதுதான் அவருடைய மதிப்பு. எனக்கு வர ஆரம்பித்தது. போலந்திலிருந்து ஒன்று, இத்தாலியிலிருந்து இரண்டு. சுவரில் ஒரு அட்டையை மாட்டி அதில் வரிசையாகக் குத்திவைத்தேன். போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கதவுக்கு எதிரே மாட்டினேன். எவ்வளவு அற்பம் பாருங்கள்!

அடுத்து மேற்கோள்கள். விவசாயப் பத்திரிகை ஒன்றில் ஒருவர் என் கட்டுரையைக் காட்டி, 'சோதித்த கிணறுகள் எதிலும் பாதிப்பு இல்லை' என்று எழுதினார். ஒரு பருவம் என்பது போயிற்று. ஐந்து என்பதும் போயிற்று. அடிக்குறிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு பொதுச் சுகாதாரப் பொறியாளர், அந்த விவசாயக் கட்டுரையைப் பார்த்து, 'தோல் கழிவுநீர் கிணற்று நீரைக் கெடுப்பதில்லை என்பது நிறுவப்பட்டுள்ளது' என்று எழுதினார். கீழே என் பெயர். என் கட்டுரையை அவர் கண்ணால் பார்க்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். விவசாயக்காரர் பக்க எண்ணைத் தவறாகப் போட்டிருந்தார், இவரும் அதே தவறான எண்ணைப் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே போட்டார்கள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு கடிதம் எழுதித் திருத்தியிருக்கலாம். மூன்று துறையில் பேர் வருகிறது, எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுபதுகள் தொடங்கி ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் தாலுகா ஆபீசிலிருந்து ஓலை. ஓடைக்கரைத் தோட்டக்காரி ஒருத்தி மனுக் கொடுத்திருக்கிறாள், விசாரணைக்கு நிலையத்திலிருந்து ஒருவர் வர வேண்டும். அப்போது நிலையத்துக்கு நான்தான் பொறுப்பு. பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு இஸ்மாயில் பாயும் கூட வந்தார்.

மனுக் கொடுத்தவள் பெயர் வெள்ளையம்மாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும்தான் மொத்த ஜீவனம். சின்ன வெங்காயமும் மிளகாயும் போடுவாளாம். ஒரு பிடி வெங்காயப் பயிரை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து தாலுகா அதிகாரியின் மேசையில் வைத்தாள். தாள் நுனியெல்லாம் கருகியிருந்தது. கீழே காய் புளியங்கொட்டை அளவுகூட இல்லை.

"மூணு வெள்ளாமை இப்படியே போச்சுங்கய்யா. தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிருது. நஷ்ட ஈடெல்லாம் எனக்கு வேணாம். அந்த ஷாப்புத் தண்ணி வாய்க்கால மட்டும் எங் கெணத்த விட்டு அங்கிட்டுத் தள்ளி விடச் சொல்லுங்க. இம்புட்டுத்தான் நாங் கேக்குறது."

தோல் ஷாப்புகளின் தரப்பில் ஒரு பெரியவர் வந்திருந்தார். மரியாதையான மனிதர். "எங்க தண்ணியாலதான் கெட்டுச்சுன்னு ருசுவாச்சுன்னா, எல்லாரும் சேர்ந்து எங்க செலவுலயே வாய்க்கால மாத்தித் தந்துர்றோம். இந்த ஊர்லதான நாங்களும் தண்ணி குடிக்கிறோம். ருசு வேணும்ல சார்" என்றார். அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அன்று சரியான ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் அந்த வருடமே வாய்க்கால் திரும்பியிருக்கும்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர் எழுந்து ஒரு பத்திரிகையைப் பிரித்து வாசித்தார். 'கெடுப்பதில்லை என்பது நிறுவப்பட்டுள்ளது.' வாசித்துவிட்டு, "நிறுவினவரே இங்க உக்காந்திருக்கார்" என்று என்னைக் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை ஒளிப்பானேன், இருந்தது.

அப்போதுதான் வெள்ளையம்மாள் வாசலில் நின்ற இஸ்மாயில் பாயைக் கவனித்தாள். "இந்த பாய்தான வந்து எங் கெணத்துல தண்ணி மோந்துட்டுப் போனாரு? செவப்பு மையில நாலுன்னு எழுதுன பாட்டிலு. நாந்தான் கயிறு எடுத்துக் குடுத்தேன். அந்தத் தண்ணி என்னாச்சு?"

நான்காம் எண் கிணறு யாருடையது என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. எனக்கு அது ஒரு எண், அதுவும் தொந்தரவு செய்கிற எண். அதிகாரி என் பக்கம் திரும்பி, "என்ன சார், அந்தம்மா கெணத்துலயும் எடுத்தீங்களா? ரிசல்ட் என்ன?" என்று கேட்டார்.

தம்பிகளே, தங்கைகளே, நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் ஏதேதோ சொல்லியிருப்பார்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். நெருக்கடி என்பது யோசிக்க நேரம் இல்லாத நிலை என்று நினைத்திருந்தேன். அன்று எனக்கு யோசிக்க நேரம் தாராளமாக இருந்தது. அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். அந்த நேரத்தில் நான் என்னவெல்லாம் யோசித்தேன் தெரியுமா? அடுத்த வாரம் சென்னையில் பதவி உயர்வுக்கு நேர்முகம். கட்டுரைப் பட்டியலில் முதல் வரி இந்தக் கட்டுரை, பக்கத்தில் 'மூன்று துறைகளில் மேற்கோள்' என்று நானே டைப் அடித்திருந்தேன். இப்போது வாயைத் திறந்தால் முதல் வரி போகும். அதைக் காட்டி எழுதியவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டில் உண்மையிலேயே அழுக்காக இருந்திருந்தால்? இப்படித்தான் ஓடியது. எதிரே நின்றவளைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை.

"அந்த பாட்டில் சரியாக் கழுவப்படலை. அதனால சேத்துக்கலை" என்றேன்.

சொல்லி முடித்ததும் இஸ்மாயில் பாய் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடி. எழுதும்போதே, கவனக்குறைவான சிப்பந்தி மேல் நடவடிக்கை எடுங்கள் என்று எனக்கு ஒரு வரி சேர்த்தார். வெள்ளையம்மாள் மேசையில் கிடந்த பயிரை எடுத்துச் சேலைத் தலைப்பில் மண் உதிராமல் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

திரும்பும் வழியில் பாய் பதிவேடுகளைக் கேரியரில் வைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தார். நான்தான், "தப்பா எடுத்துக்காதீங்க பாய், அந்த எடத்துல வேற வழி தெரியல" என்று ஆரம்பித்தேன்.

"அல்லா அறியச் சொல்றேன் சார், மூணு தடவ அலசுனேன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "பழிய எம் மேல போட்டுட்டீங்க, சரி, போகட்டும். அந்தம்மாவுக்கு என்ன சார் வழி?" என்றார். சைக்கிளில் ஏறி முன்னால் போய்விட்டார்.

அவருக்கு மெமோ கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன். கொடுக்காவிட்டால் நான் சொன்னது பொய்யாகிவிடுமே! அவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். 'கவனக்குறைவு' என்ற அந்த ஒற்றைத் தாள் அவர் ஓய்வு பெறும் வரை அவருடைய பணிப் பதிவேட்டில் இருந்தது. அவரை மாதிரி பாட்டில் அலசுகிற ஆளை என் முப்பத்திரண்டு வருடச் சர்வீசில் நான் பார்த்ததில்லை.

பதவி உயர்வு கிடைத்தது. நேர்முகத்தில் என் பட்டியலின் முதல் வரியை விரலால் தொட்டு, "குட், வெரி குட்" என்றார்கள். சென்னையில் பெரிய ஆய்வுக்கூடம், கீழே நாலு பேர். அங்கே தினமும் அடுத்தவர் அளவுகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. பையன்கள் யாராவது ஒரு எண்ணை ஒதுக்கிவிட்டு வந்தால் காட்டுக்கத்தலாகக் கத்துவேன். "சுத்தமில்லைன்னு பாத்தியா, நெனைக்கிறியா?" என்று பெரிய சாரின் வார்த்தையையே எடுத்து வீசுவேன். அவர்களுக்கு நான் நேர்மையின் சிகரம். எனக்கோ அப்படிக் கத்திவிட்டு வந்தால் அன்று சோறு இறங்காது.

மூன்று கோடை கழித்து, மனது கேட்காமல், லீவு போட்டுவிட்டு நானே பாட்டில்களோடு அந்த ஓடைக்கரைக்குப் போனேன். ஒரு பாட்டிலும் அரை நாளும் தேவைப்பட்ட வேலை. அதைச் செய்ய எனக்கு அத்தனை வருடம் ஆனது. நான்காம் கிணற்றில் மூன்று தடவை அலசி எடுத்தேன். அளந்தபோது, பாய் கொண்டுவந்ததைப் போல இரண்டு மடங்கு உப்பு. முன்பு நன்றாக இருந்த கிணறுகளில் மேலும் இரண்டு கெட்டுப்போயிருந்தன. நான்காம் கிணறு ஓடை வளைகிற இடத்தில், பள்ளத்தில் இருந்தது. அதனால் அது முதலில் கெட்டது, மற்றவை தங்கள் முறைக்குக் காத்திருந்தன. தலையில் அடித்துக்கொண்டேன். அந்த ஒரு எண்தான் வரப்போவதை முன்கூட்டிச் சொன்ன எண். அதைத்தான் நான் ஒதுக்கினேன்.

ஒரு பக்கத் திருத்தம் எழுதி அதே பத்திரிகைக்கு அனுப்பினேன். மாதிரி எடுத்த சிப்பந்தி மேல் தவறில்லை, ஆய்வாளன் மேல்தான் தவறு என்றும் எழுதினேன். வெகுநாள் கழித்து, புத்தக விளம்பரங்களுக்கு முன்னால், கடைசிப் பக்கங்களில் போட்டார்கள். ஒரு கார்டு வரவில்லை. ஒரு மேற்கோளும் இல்லை. பழைய கட்டுரைக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கும் வருகிறது என்று உங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான்கு துறைகளில் இத்தனை படித்தவர்கள் என் பெயரை எழுதியிருக்கிறார்களே, ஒருவராவது அந்த அடிக்குறிப்பைப் படித்துவிட்டு, ஒதுக்கிய கிணற்றில் எவ்வளவு இருந்தது என்று ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? வயிறு எரிகிறது. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு வெள்ளையம்மாளைத் தேடிப் போனேன். தோட்டம் அவளிடம் இல்லை. வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஒட்டன்சத்திரம் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். காய்கறி மார்க்கெட்டில் விசாரித்து ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். கேரளாவுக்குப் போகிற லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தக்காளியைப் பொறுக்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கூலி வேலை. என்னை அடையாளம் தெரிந்துகொள்ளச் செத்த நேரம் ஆனது.

"அம்மா, உங்க கெணறு தோல் ஷாப்புத் தண்ணியாலதான் கெட்டுச்சுன்னு இதுல எழுதியிருக்கேன். அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னும் எழுதியிருக்கேன்" என்று தாளை நீட்டினேன்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இங்கிலீஷ்.

"நாஞ் சொன்னதத்தான எழுதியிருக்கீங்க?"

"ஆமாம்மா."

"இத இப்ப யாருகிட்டக் கொண்டுபோயிக் காட்டணும்?"

என்ன சொல்வது? அதிகாரி மாறிவிட்டார். நிலம் வேறு ஆள் பேரில் இருக்கிறது. கூடைக்காரன் அந்தப் பக்கத்திலிருந்து அவளை அதட்டினான். அவள் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு தக்காளியைக் கையில் எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, "இத எழுதுனதுக்கு ஒங்களுக்கு இன்னும் ஒசந்த வேல குடுப்பாங்களாய்யா?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இல்லை என்றேன். ஆனால் அடுத்த நேர்முகத்துக்காக நான் முந்தின வாரம் அடித்துவைத்த கட்டுரைப் பட்டியலில், அந்த ஒரு பக்கத்தையும் கடைசியில் ஒரு எண் போட்டுச் சேர்த்திருந்தேன்.